மூன்று பாகை

ஏழு வீடு, நடுவில் ஒரு லிண்டன் மரம்.
மரத்தைச் சுற்றி ஓர் இருக்கை வேண்டும் என்றார்கள்,
வீட்டுக்கொரு பக்கமாக.
எட்டாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்:
எட்டுக்கு உட்கோணம் நூற்று முப்பத்தைந்து,
என் ரம்பம் கண்ணை மூடிக்கொண்டு அறுக்கும்.
ஆறென்றால் இன்னும் சுலபம், நூற்றிருபது,
தேனீயைக் கேட்டாலும் சொல்லும்.
ஹில்லர் பேரேட்டை மூடினார்.
"எட்டாவது பக்கம் யாருடையது என்று
சாரெமா தீவில் இன்னொரு வழக்கு வேண்டாம், உர்வே."

ஏழு என்றபோதே ஏழரை என்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரவு ஒட்டுப்பலகையில் எழுகோணம் வரைந்தேன்.
ஒரு மூலையில் பென்சிலை ஊன்றி
மற்ற மூலைகளுக்குக் கோடிழுத்தேன்.
பக்கத்து மூலை இரண்டுக்கும் இழுக்க முடியாது:
அண்டை வீட்டோடு ஏற்கெனவே ஒரு சுவர் இருக்கிறது.
மீதி நாலு மூலைக்கு நாலு கோடு,
உள்ளே ஐந்து முக்கோணம்.
எவ்வளவு கோணலான முக்கோணமும்
நூற்றெண்பதுக்கு மேல் கேட்காது,
கீழும் இறங்கிவராது.
இந்தத் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை.
ஐந்து நூற்றெண்பது தொள்ளாயிரம்.
அதை ஏழு மூலைக்கும் சமமாகப் பங்கிட்டேன்.

நூற்று இருபத்தெட்டு.
அப்புறம் ஒரு புள்ளி.
புள்ளிக்குப் பின்னால்
ஐந்து, ஏழு, ஒன்று, நாலு, இரண்டு, எட்டு,
மறுபடி ஐந்து, மறுபடி ஏழு.
பலகையின் ஓரம் வந்துவிட்டது,
எண் வந்துகொண்டே இருந்தது.
காபி ஆறிப்போயிருந்தது.

ஒவ்வொரு முனையையும் சாய்த்து அறுக்க வேண்டியது
இருபத்தைந்தே முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு.
என் ரம்பத்தின் அளவுகோலில்
அரைப் பாகைக்குக் கீழே கோடு கிடையாது.
இருபத்தைந்தரையில் திருகை இறுக்கினேன்.
பிழை, ஒரு பாகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.
மரத்தூள்,
ஊதினால் போய்விடும் என்று நினைத்தேன்.

ஏழு பலகை, பதினாலு முனை.
பதினாலும் தன் பங்குக் குறையைச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தது.
மரத்தைச் சுற்றித்தானே பூட்ட முடியும்;
ஆறு மூட்டு வரை சீப்புக்கும் இடமில்லை.
ஏழாவதில் உள்முனைகள் தொட்டன,
வெளிமுனைகள் வாய் பிளந்தன.
அளந்து பார்த்தேன், துல்லியமாக மூன்று பாகை.
இவ்வளவு சரியாக
என் வாழ்நாளில் எதுவும் தப்பானதில்லை.
பெருவிரலை விட்டேன்,
நுழைந்தது.

அந்த வாய் திறந்த இடம்
கல்லஸ்தே வீட்டுப் பக்கமும் ரெபானே வீட்டுப் பக்கமும் சேருமிடம்.
நான் தேர்ந்தெடுக்கவில்லை,
வண்டியிலிருந்து பலகைகள் இறங்கிய வரிசை அப்படி.
படகு எஞ்சின் ஒன்றுக்காக
பதினோரு வருடமாகப் பேச்சில்லாத வீடுகள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் செதில் போல் மெலிதாக
ஓர் ஆப்பு சீவி எடுத்துக்கொண்டு போனேன்.
அக்செல் ரெபானே தன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.
லெய்டா கல்லஸ்தே தன் விளிம்பில்.
இருவருக்கும் நடுவே, பிளவில்,
லெய்டாவின் நனைந்த குடை
நட்டுவைத்ததுபோல் நேராக நின்றது.
அக்செலின் கைத்தடி அதன் மேல் சாய்ந்திருந்தது.
நான் குனிந்து, ஆப்பை எடுத்ததும்
"அடைக்காதே" என்றார்கள்,
இரண்டு பேரும், ஒரே சமயத்தில்.
சொல்லிவிட்டு
ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்,
எத்தனை பாகை என்று நான் பார்க்கவில்லை.

பேரேட்டில் ஹில்லர் எழுதியது:
இருக்கை ஒன்று, பக்கம் ஏழு, குறை இல்லை.

ஆப்பு இப்போது
என் சமையலறை மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில்.
மேஜைக்கு நாலு மூலை,
மூலைக்குத் தொண்ணூறு, மிச்சமே இல்லாத கணக்கு.
ஆனாலும் ஆடுகிறது.